மாஸ்டரின் இடது கை

ஞானகுமாரி தன் ரவிக்கைகளுக்கு முழங்கை தாண்டும்படி கை வைத்துத் தைத்துக்கொள்ள ஆரம்பித்தது அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான். வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே போனால், மனைகளாகப் பிரித்து விற்ற நகர் ஒன்று வரும். பாதி மனைகளில் இன்னும் முள்ளும் கோரையும்தான். நடுவில் தனியாக நிற்கிற வீடுகளில் ஒன்று அவளுடையது. துணி தைக்கக் கொடுக்கிற பெண்கள் அங்கே நாலைந்து பேர்தான். அவர்களில் தாயம்மா மட்டும் வாய் திறந்து கேட்டாள்.

“இன்னாக்கா, நீயும் சீரியல் பொம்பளைங்க மாதிரி நீட்டுக் கை போட ஆரம்பிச்சிட்ட?”

“கொசு தாங்கலடி. சுத்தியும் தண்ணி நிக்கிது பாரு” என்றாள் ஞானகுமாரி.

கொசுவும் இருந்தது. அதனால் அது முழுப் பொய்யில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விக்ரம் கராத்தே கிளாஸ் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்க்க வருவதாகப் போனில் சொல்லியிருந்தான். யாராவது வருகிறார்கள் என்றால் ஞானகுமாரிக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெந்நீர் போட்டு, மாஸ்டரான தன் புருஷன் ஜாபஸைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டும். விழுந்துபோன வலது கைக்கு முதலில் சட்டையை மாட்டி, பிறகு இடது கைக்கு மாட்ட வேண்டும். இந்த இடது கைக்கு மாட்டுகிற நேரத்தில் அவள் எதிரே நிற்பதில்லை. பின்பக்கமாக வந்து நின்றுகொள்வாள். முகச்சவரத்துக்குத் தாயம்மாவின் வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக்கொள்வாள். அவன் எதிரில் ஜாபஸ் சாதுவாக உட்கார்ந்திருப்பார்.

பிள்ளைகள் வந்தார்கள். செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டு, வாசலிலேயே இடுப்பை வளைத்து வணக்கமாக “ஓஸ்” என்றார்கள். ஜாபஸும் தலையைத் தாழ்த்தி “ஓஸ்” என்றார். குரல் கணீரென்று வந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. “போ”, “ஆங்” என்பதற்கு மேல் எதுவும் வராது. மனைவி பெயர் வராது, மகள் ரெனிதா பெயர் வராது. ஆனால் முப்பது வருஷமாகச் சொல்லித் தடம் பதிந்துபோன ஓஸ் வந்தது. ஜப்பான் பாஷையில் இச், நி, சன் என்று எண்ணச் சொன்னால் பத்து வரைக்கும் தட்டாமல் வந்தது. மூளையில் அது வேறு அறையில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அறைக்குள் தன் பெயர் ஏன் போய்ச் சேரவில்லை என்று ஞானகுமாரி கேட்கவில்லை.

பிள்ளைகள் ஆப்பிளும் மாதுளையும் வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் காலைத் தொட்டார்கள். தை மாசம் பெல்ட் டெஸ்ட், மாஸ்டர் கட்டாயம் வந்து மேடையில் உட்கார வேண்டும் என்றான் விக்ரம். ஜாபஸ் தலையாட்டினார். ரவா கேசரி சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். விக்ரம் பைக்கைக் கிளப்பப் போனபோது ஞானகுமாரி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

“விக்ரம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க ஆன்ட்டி. மருந்து எதுனா வாங்கணுமா?”

“அதெல்லாம் இல்ல. உங்க மாஸ்டரு... கை நீட்றாருப்பா.”

அவனுக்குப் புரியவில்லை. “நல்லதுதானே ஆன்ட்டி? கை நீட்ட வருதா? பிசியோ பண்ணது வேலை செய்யுது.”

“என்னை அடிக்கிறாருடா.”

விக்ரம் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பதினோரு வயதில் ஜாபஸிடம் வந்து சேர்ந்தவன். அப்பன் குடித்துச் செத்த பிறகு அவனைப் படிக்கவைத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டது ஜாபஸ். இப்போது கிளாஸை நடத்துகிறவனும் அவன்தான்.

“ஆன்ட்டி, அது அடிக்கறது இல்ல. எங்க மாமாவுக்கும் ஸ்ட்ரோக் வந்துச்சு. கை தானா இழுக்கும். வெடுக்குனு தூக்கும். நாம கிட்ட நின்னா மேல பட்டுடும்.”

“இழுக்கறது வலது கைடா. அடிச்சது இடது கை.”

அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

“மாஸ்டரு ஒரு கொசுவ அடிக்கறதுக்குக் கூட யோசிப்பாரு ஆன்ட்டி. நாம மொதல்ல கை ஓங்கக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பாரு. உங்களுக்குத் தூக்கம் இல்ல. ஒண்டியா எல்லாத்தையும் பாத்துக்கறீங்க. அதுல ஏதோ...” என்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். “தயவுசெஞ்சு இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பசங்க ஒடஞ்சுடுவாங்க.”

பைக் சேற்றில் வழுக்கி வழுக்கித் தார்ச்சாலைக்குப் போகும்வரை அவள் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கேசரித் தட்டுகளைக் கழுவினாள்.

*

ஆவடி டாங்கி தொழிற்சாலையில் ஜாபஸ் வெல்டர். அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணியது எல்லாம் குவார்ட்டர்ஸில். ஞானகுமாரி அரக்கோணத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது, வெளிச்சம் வருவதற்குள் எழுந்து மைதானத்துக்குப் போய், தனியாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருக்கிற மனுஷனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. மழையோ காய்ச்சலோ அது நின்றதில்லை. சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கிளாஸ். வெள்ளை யூனிபார்ம்களுக்கு ஓரம் மடித்துத் தைத்தும், முழங்கால் கிழிந்ததற்கு ஒட்டுப்போட்டும் அவளுடைய தையல் கை தேர்ந்தது. அவ்வளவு வருஷத்தில் அவர் அவளை ஒரு தடவை அதட்டியதில்லை. கோபம் வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் வேர்த்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். குவார்ட்டர்ஸ் பெண்கள் அவளிடம் பொறாமையாகவே சொல்வார்கள்: “உனக்கு இன்னா ஞானம், குடுத்து வெச்சவ.”

குவார்ட்டர்ஸில் இந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். சுவர் அப்படி. ரெனிதாவுக்குக் கல்யாணம் முடித்து மஸ்கட்டுக்கு அனுப்பிய கையோடு, சொந்த வீடு என்று ஆசைப்பட்டு வேப்பம்பட்டுக்கு வந்தார்கள். வந்த புதிதில் இந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. ராத்திரி தவளைச் சத்தம், பகலில் தூரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் போகிற ஓசை. இப்போது அதே அமைதிதான் பயமாக இருந்தது. இங்கே யாராவது கத்தினால் அடுத்த மனையில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும், அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில், ஷிஃப்டில் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கியபடியே அவர் சாய்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, “ரத்தக் கொதிப்பும்மா. உப்பு ஆகாது, ஊறுகா ஆகாது, கருவாடு கண்ணுலயே காட்டாதீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாபஸுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. உப்பில்லாத ரசம் சோற்றை முதல் சில மாசம் விழுங்கினார். ஒருநாள் துப்பினார். அவள் துடைத்துவிட்டு அடுத்த கவளத்தை நீட்டினாள். கை வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தட்டு சுவரில் மோதிக் கீழே விழுந்தது. சோறு தலையிலெல்லாம் இருந்தது. மணிக்கட்டு சுள்ளென்று எரிந்த பிறகுதான் அடி விழுந்திருக்கிறது என்று புரிந்தது. காற்றைக் குத்திக் குத்தி உரம் ஏறின கை அது. பாதி பலத்தோடு விழுந்தாலே கன்றிப்போகும்.

தெரியாமல் பட்டது என்று அன்று நினைத்துக்கொண்டாள். பிறகு தோளில், முதுகில், மேல் கையில். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. அடித்ததும் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பார். பாஸ்டர் ஜெபிக்க வந்த அன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். பாஸ்டர் அவருடைய தலையில் கை வைத்து, “உம்முடைய சாந்தமுள்ள ஊழியக்காரன்” என்று ஆரம்பித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரெனிதாவிடம் போனில் சொன்னாள். “அப்பாக்கு உடம்பு சரியில்லமா. அவரு வேணும்னா பண்றாரு? டாக்டருகிட்ட கேட்டு மாத்திரை மாத்திக் குடு. நீ கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்றாள். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். தூக்கம்தான் கூடுதலாக வந்தது.

*

எட்மண்ட்டை அவள் கூப்பிடவில்லை. விக்ரம் வந்துபோன மறு வாரம் அவரே வந்தார். ஜாபஸோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்து, ஒரே நாளில் கறுப்பு பெல்ட் வாங்கிய கூட்டாளி. ரிட்டையர் ஆகி அம்பத்தூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். முழங்கால் தேய்ந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. ஜாபஸ் தூங்கிக்கொண்டிருந்தார். எட்மண்ட் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியை வாங்கும்போது அவளுடைய கையைப் பார்த்தார். ரவிக்கைக் கையின் விளிம்புக்குக் கீழே பழுத்த மஞ்சளாக ஒரு தடம் எட்டிப் பார்த்தது.

“எத்தினி நாளா தங்கச்சி?”

“எதுண்ணா?”

“கைய தூக்கறது.”

இத்தனை நாள் எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று யோசித்து யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் இங்கே வேண்டியிருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மழை ஆரம்பிச்சதுல இருந்து.”

எட்மண்ட் காப்பியைக் கீழே வைத்தார். “உனக்குத் தெரியாது. அவன் சொல்லியிருக்க மாட்டான். அவன் இன்னா மாதிரி கோவக்காரன் தெரியுமா? பட்டாபிராம் கேட்டாண்ட ஒருத்தன போட்டு அடிச்சான் பாரு, நாலு பேரு புடிச்சும் உடல. அவங்கப்பன் ரத்தம் அது. அந்தாளு பெல்ட்ட கழட்டுனா குவார்ட்டர்ஸே அடங்கும். அந்தம்மா ஒரு காது கேக்காமதான் செத்துச்சு.”

“பொறந்ததுல இருந்தே காது கேக்காதுன்னு சொன்னாரு.”

“அப்பிடித்தான் சொல்லுவான். ஒருநாளு இவன் வெளிய எங்கியோ சண்ட போட்டுகினு ஊட்டுக்கு வந்தான். அம்மா ஏன்டான்னு கேட்டுச்சு. கைய ஓங்கிட்டான். ஓங்குன கைய அப்பிடியே பாத்துனு நின்னானாம். மறுநாளு என்னான்ட வந்து, ‘மச்சான், கராத்தே கிளாசு எங்க நடக்குது’ன்னான். நான் சண்ட போடக் கத்துக்கப் போனேன் தங்கச்சி. அவன் கைய கட்டிப் போடறதுக்குப் போனான்.”

உள்ளே ஜாபஸ் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. எட்மண்ட் குரலைத் தாழ்த்தினார்.

“தெனம் காலைல போய் நின்னு குத்துவானே, அது ஒடம்புக்கு இல்ல. அந்த மிருகத்த கட்டுத்தறில கட்டிட்டு வர்றது. ஒருநாள் தவறுனா அவுந்துக்கும்னு பயம் அவனுக்கு. பசங்கள்லாம் மாஸ்டருக்கு கோவமே வராதுன்னு சொல்லுவானுங்க. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். வராம இல்லடா, தெனம் வருது, தெனம் கட்றான். இப்ப இத்தினி மாசமா கட்டறதுக்கு ஆளு இல்ல.”

“டாக்டரு மூளைல அடி பட்டதாலன்றாரு.”

“அதுவும் இருக்கும். எனக்கு இன்னா தெரியும்.” எட்மண்ட் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பொறுத்துக்கோன்னு நான் சொல்ல மாட்டேன். நீ ரெனிதா ஊட்டுக்குப் போறதுன்னா போ. டூட்டிய உட்டுட்டு வந்து நான் பாத்துக்கறேன் இவன. என்னை அடிச்சா நான் திருப்பிக் குடுப்பேன், அதனால அடிக்க மாட்டான்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். “போகணும்னு தோணுனா சொல்றேண்ணா.”

எட்மண்ட் போன பிறகு அவள் வெகுநேரம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவர் இதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அடியைவிட வலித்தது. சாந்தமான புருஷனோடு வாழ்ந்ததாக நினைத்திருந்தாள். தினமும் விடிகாலையில் அந்த சாந்தத்தைத் தனியாக நின்று செய்துகொண்டு வந்திருக்கிறார். வேர்த்துப் போய் வந்து நிற்கிறவருக்கு அவள் துண்டு எடுத்துக் கொடுத்ததோடு சரி.

*

மறுநாள் விடிந்ததும் அவரை எழுப்பிக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கட்டிலிலிருந்து தலையணையை எடுத்து வந்து, அவர் எதிரே நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“குத்துங்க.”

ஜாபஸ் அவளைப் பார்த்தார்.

“குத்துங்கன்றேன். தெனம் குத்துவீங்கல்ல.”

அவர் இடது கையை இடுப்பருகே கொண்டுபோனார். விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. “இச்” என்றார். கை பாய்ந்து வந்தது. ஞானகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். எதுவும் படவில்லை. கண்ணைத் திறந்தால், தலையணைக்கு ஒரு விரற்கடை முன்னால் முஷ்டி நின்றுகொண்டிருந்தது. உறை கூட அசையவில்லை.

“நி” என்றார். மறுபடி வந்தது. மறுபடி அங்கேயே நின்றது.

இத்தனை மாதமாக அவள் பார்த்துப் பயந்த கை, தானாகவே நிற்கத் தெரிந்த கை. வேர்க்கும்வரை விட்டாள். பிறகு பழைய பழக்கத்தில் துண்டை எடுத்து நீட்டினாள். தானே வாங்கித் துடைத்துக்கொண்டார். அன்று பகல் முழுக்க வீடு அமைதியாக இருந்தது. அதில் அவளுக்குப் பயம் இல்லை.

தினமும் அப்படிச் செய்தார்கள். மார்கழிப் பனி ஆரம்பித்தது. சுற்றிலும் தேங்கிய தண்ணீர் வற்றி, மனைகளில் கொக்குகள் இறங்கின. ஞானகுமாரி சாதாரண அளவில் கை வைத்து இரண்டு ரவிக்கை வெட்டினாள். கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் குவிந்தன. கல்கல் இனிப்பும் முறுக்கும் சுட்டாள்.

முறுக்கில் உப்பு இருந்தது. அவர் கை எட்டும் இடத்தில் தட்டை வைத்தது அவள் தவறு. ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடி மென்றார். இரண்டாவதை எடுக்கும்போது அவள் பார்த்துவிட்டு, “ஐயோ, ஆகாதுங்க” என்று தட்டை இழுத்தாள். கை நிற்கவில்லை. கன்னத்தில் விழுந்தது. அவள் தையல் மிஷினில் போய் மோதினாள். உதடு கிழிந்து, தைத்து வைத்திருந்த பட்டுத் துணியில் ரத்தம் சொட்டியது.

ஞானகுமாரி எழுந்தாள். அழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்று தவிரக் கூப்பிட்டதில்லை.

“நீ யாரு?” என்றாள். “சொல்லு. என்னை அடிக்கறது நோயா, நீயா? நோயின்னா நான் வாங்கிக்கறேன். நீயின்னா எனக்குத் தெரியணும். உங்கப்பன் உங்கம்மாவ அடிச்சான்னு ஏன்டா என்கிட்ட சொல்லல? தலையணைக்கு முன்னாடி நிக்கத் தெரியுதுல்ல உன் கைக்கு? என் மூஞ்சிக்கு முன்னாடி ஏன் நிக்கல?”

ஜாபஸின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. “ஆங்” என்றார். “போ” என்றார். அவருக்கு வேண்டியது அந்த வார்த்தைகள் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

அவள் போனாள். பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, தாயம்மாவிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பட்டப்பகல். பிளாட்பாரத்தில் கொய்யாப்பழக் கூடைக்காரி ஒருத்தியும், கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் இருந்தார்கள். சென்னைக்குப் போகிற வண்டி வந்தது, போனது. அரக்கோணம் போகிற வண்டி எதிர் பிளாட்பாரத்தில் வந்தது. அரக்கோணத்தில் அம்மா அப்பா இல்லை, தம்பி வீட்டில் அவனுக்கே இடமில்லை. மஸ்கட்டுக்கு ரயில் இல்லை. எட்மண்ட்டைக் கூப்பிட போனை எடுத்தாள். அவர் வருவார், நிச்சயம் வருவார். அதன் பிறகு தான் எங்கே போய் உட்காருவது என்றுதான் தெரியவில்லை. கூடைக்காரி ஒரு பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் தடவி நீட்டினாள். உதட்டுக் காயத்தில் பட்டு எரிந்தது. எரிச்சலோடு முழுப்பழத்தையும் தின்றாள். மாத்திரை நேரம் ஆனதும் எழுந்து திரும்பி நடந்தாள். மன்னித்துவிட்டுத் திரும்பவில்லை. மாத்திரையை வேறு யாரும் கொடுக்க முடியாது என்பதால் திரும்பினாள்.

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து வாசலுக்கு வரப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் கேட்காமல் தூக்கி உட்காரவைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு பிசைந்து எடுத்து வந்தபோது, தன் இடது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் பாரத்தைப் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அப்படியே சாப்பிட்டார். அவள் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. தலையணை பிடித்து நிற்பதை மட்டும் விடவில்லை.

*

தையில், பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு பெல்ட் டெஸ்ட். பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. விக்ரம் கார் அனுப்பியிருந்தான். ஜாபஸ் யூனிபார்ம் வேண்டும் என்று பீரோவைக் காட்டினார். அவள் போட்டுவிட்டாள். இளைத்துப் போயிருந்ததால் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. எட்மண்ட் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்து மாடி ஏற்றினார்கள். மேடையில் நடுநாயகமாக, வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலி. பக்கத்தில் ரோஜா மாலை தயாராக இருந்தது. பெற்றோர்கள் எழுந்து நின்று போன் கேமராவைத் தூக்கினார்கள்.

“வரிசை!” என்றான் விக்ரம்.

பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். யார் எங்கே நிற்பது என்பதில் ஜாபஸ் எப்போதும் கறார். முன்வரிசை வலது ஓரத்தில் கறுப்பு பெல்ட், பிறகு பழுப்பு, அப்படியே இறங்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையின் இடது கோடியில் நேற்றுச் சேர்ந்த வெள்ளை பெல்ட். ஒழுங்கு தப்பினவன் எந்த பெல்ட்டாக இருந்தாலும் அந்தக் கோடிக்குத்தான் போக வேண்டும். வெளியில் யார் மேலாவது முதலில் கை வைத்துவிட்டு வந்தவனுக்கு அதுதான் இடம். அவர் போகச் சொன்னதுகூட இல்லை. தப்பு செய்தவன் தானே போய் நிற்க வேண்டும் என்பது அவருடைய கிளாஸில் எழுதாத சட்டம்.

விக்ரம் மாஸ்டரை மேடைக்கு அழைத்துப்போகக் கை நீட்டினான். ஜாபஸ் அந்தக் கையை ஒதுக்கினார். எட்மண்ட்டின் பிடியையும் உதறினார். பிசியோவுக்காக வாங்கிய ஊன்றுகோலை இடது கையில் பிடித்து, வலது காலை அரைவட்டமாக இழுத்து இழுத்து, மேடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார். முன்வரிசையைக் கடந்தார். பழுப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொன்றாகக் கடந்தார். பின்வரிசையின் இடது கோடியில் நின்ற ஒரு சின்னப் பெண் பயந்துபோய் நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்கும் அந்தப் பக்கத்தில் போய் ஜாபஸ் நின்றார். ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு இடுப்பை வளைத்தார். நிமிரவில்லை.

பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். “என்ன ஒரு பணிவு பாருங்க” என்றார் முன்னால் இருந்த ஒரு அப்பா. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஞானகுமாரி கை தட்டவில்லை. பக்கத்தில் எட்மண்ட்டும் தட்டவில்லை. ஓஸ் தானாக வரும், இச் நி சன் தானாக வரும் என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். இந்த நடை தானாக வந்தது இல்லை. மார்கழியில் அவள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். அவர் சொன்ன பதில் நோய் என்பது இல்லை.

விக்ரம் மைக்கைப் பிடித்தபடி நின்றான். அவனும் முதலில் சிரித்தான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மெல்லக் கழன்றது. திரும்பிப் பெண்கள் வரிசையில் ஞானகுமாரியைத் தேடினான். அவளுடைய உதட்டில் ஆறிய வடுவைப் பார்த்தான். மைக்கை அணைத்துவிட்டுப் படி இறங்கி அவளிடம் வந்தான்.

“ஆன்ட்டி” என்றான்.

“நான்தான் சொன்னேனேப்பா” என்றாள் அவள் மெதுவாக.

“என்னைய அங்க நிக்க வெச்சிருக்காரு ஆன்ட்டி. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன அடிச்சதுக்கு. ஒரு மாசம் நின்னேன்.” அவன் கண்ணை அழுத்தித் தேய்த்துக்கொண்டான். “நீங்க சொன்னப்ப நான்... ஒண்டியா விட்டுட்டேன் உங்கள.”

விக்ரம் திரும்பிப் போனான். மேடையில் இருந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னான். மாலையை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னான். மாஸ்டரைக் கூப்பிட்டு மேலே உட்காரவைக்கவில்லை. அவர் நிற்கிற இடத்திலேயே நிற்க, டெஸ்ட்டை ஆரம்பித்தான். கால் தளர்ந்தபோது எட்மண்ட் போய்ப் பின்னால் நின்று தாங்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து காரில் ஏறும்போது வெயில் இறங்கியிருந்தது. ஜாபஸ் பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நாளைக்குக் காலையில் அந்தக் கை நிற்குமா, நிற்காதா என்று ஞானகுமாரிக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதைத் தினமும் விடியும்போதுதான் பார்க்க வேண்டும்.

மாடி இறங்கும்போது தலையணைக் குத்தைப் பற்றி அவள் சொல்லக் கேட்டிருந்த விக்ரம், கார் ஜன்னலில் குனிந்தான்.

“ஆன்ட்டி, இனிமே வாரத்துல ரெண்டு மூணு நாளு காலைல நான் வரேன். தலகாணிய நான் புடிக்கறேன். வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வரேன்.”

ஞானகுமாரி அவனைப் பார்த்தாள்.

“போன்லாம் வேணாம்” என்றாள். “சொல்லாமலே வா.”